நிறை திரும்ப ஏறிட்டுதா? பட்டினி கிடக்க முதல் இதை ஒருக்கா வாசிச்சிட்டுப் போங்கோ

2023 சித்திரை வருசத்துக்கு முதல் நாள் காலமை நான் 86.2 கிலோ. ஆறு மாசமா 92 இல இருந்து கொஞ்சம் கொஞ்சமா இறக்கிக் கொண்டு வந்த நிறை அது. வருசம் முடிஞ்சு மூதூரில மாமி வீடு, பிறகு நிலாவெளியில கூட்டாளி வீடு எண்டு நாலு நாள் சுத்திட்டு திருகோணமலைக்கு திரும்பி வந்து தராசில ஏறினா 88.6. பலகாரம், கொக்கிஸ், பயற்றம் உருண்டை, இறைச்சிக் கறி, ஒவ்வொரு வீட்டிலயும் சீனி தூக்கின பால்தேத்தண்ணி, அவ்வளவும் அந்த 2.4 க்குள்ள நிண்டு என்னைப் பாத்து சிரிச்ச மாதிரி இருந்தது.

நான் என்ன செய்தன் தெரியுமோ, ரெண்டு நாள் பிளேன்டீயும் வெள்ளரிக்காயுமா கிடந்தன். மூண்டாம் நாள் இரவு வேலை முடிஞ்சு டவுனுக்குள்ளால வரேக்க கொத்துரொட்டி தட்டிற சத்தம் கேட்டுது, அவ்வளவுதான், முட்டைக்கொத்து முழுசா ஒண்டு, மேலதிகமா குழம்பு, ஒரு போத்தல் சோடா. அடுத்த நாள் தராசைப் பாக்கவே வெக்கமா இருந்து கட்டிலுக்கு கீழ தள்ளி விட்டன். ஆவணியில அதை வெளியில எடுக்கேக்க 93.

அதுக்குப் பிறகு யோசிச்சுப் பாக்கேக்கதான் விளங்கினது, என்னை விழுத்தினது வருசப் பலகாரம் இல்லை, அந்த ரெண்டு நாள் பட்டினி. இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான். எப்பிடி மெலியிறது எண்டு சொல்ல ஆயிரம் பேர் இருக்கினம். மெலிஞ்சு கொண்டு போகேக்க சறுக்கினா என்ன செய்யிறது எண்டு படிப்படியா சொல்ல ஆள் குறைவு, அதால நான் பட்டதை எழுதுறன்.

படி 1: முதல் ஒரு நாள் ஒண்டுமே செய்யாதேங்கோ

உண்மையாத்தான். தண்டனை வேண்டாம், ஓட்டம் வேண்டாம், "நாளையில இருந்து சோறே இல்லை" எண்ட சபதமும் வேண்டாம். அடுத்த சாப்பாடு எதுவோ அதை வழமையான அளவில, வழமையான நேரத்தில சாப்பிடுங்கோ. இரவு கொத்து திண்டா காலமை இடியப்பம், சொதி, ஒரு முட்டை. தண்ணி குடியுங்கோ, நேரத்துக்கு படுங்கோ, அஞ்சு நாளைக்கு தராசுப் பக்கம் போகாதேங்கோ.

ஏன் எண்டு கேட்டா ஒரு சின்னக் கணக்கு. ஒரு கிலோ கொழுப்பு உடம்பில சேர கிட்டத்தட்ட 7,700 கலோரி மிச்சமா உள்ள போக வேணும். அப்ப என்ட 2.4 கிலோவும் கொழுப்பு எண்டா நாலு நாளில 18,480 கலோரி மேலதிகமா திண்டிருக்க வேணும், அதாவது உடம்பு வழமையா செலவழிக்கிறதுக்கு மேல ஒரு நாளைக்கு 4,600. மாமி எவ்வளவு ஊட்டினாலும் அது ஏலாத காரியம், மிஞ்சிப் போனா அரைக் கிலோ கொழுப்பு இருந்திருக்கும். மிச்சம் தண்ணி. சோறு, மா, சீனி சாப்பிடேக்க உடம்பு அதில ஒரு பங்கை கிளைகோஜனா ஈரலிலயும் தசையிலயும் சேமிச்சு வைக்கிறது, அந்த ஒவ்வொரு கிராமோடயும் ஏறக்குறைய மூண்டு கிராம் தண்ணியும் சேந்து நிக்கும். உப்பு கூடினா அதுக்கும் தண்ணி. குடலுக்குள்ள இன்னும் செரியாத சாப்பாட்டுக்கும் நிறை இருக்குத்தானே. இதெல்லாம் வழமைக்குத் திரும்பினா நாலஞ்சு நாளில தானா இறங்கும்.

பட்டினி கிடந்தாலும் அந்தத் தண்ணி இறங்கும்தான். அதுதான் ஏமாத்து. "பாத்தியா, பட்டினி வேலை செய்யுது" எண்டு நினைப்பம், மூண்டாம் நாள் பசி வட்டியோட வந்து நிக்கும்.

படி 2: எந்த மாதிரிச் சறுக்கல் எண்டு பிரிச்சுப் பாருங்கோ

எல்லாச் சறுக்கலுக்கும் ஒரே மருந்து குடிக்கிறதுதான் எங்கட ஆக்களிட பிழை. நான் இப்ப நாலு விதமா பிரிக்கிறன்: தராசு மட்டும் ஏறினது, ஒரு நாள் ரெண்டு நாள் கண்டபடி சாப்பிட்டது, எல்லாம் ஒழுங்கா செய்தும் வாரக்கணக்கா நிறை அசையாமல் நிக்கிறது, நடையும் சாப்பாட்டு ஒழுங்கும் மாசக்கணக்கா விட்டுப் போனது.

முதலாவதை கண்டு பிடிக்க தராசு பாக்கிற விதத்தை சரிப்படுத்துங்கோ. காலமை எழும்பி, கக்கூசுக்கு போயிட்டு, தேத்தண்ணி குடிக்க முதல், அதே தராசு, அதே இடம். பாய்க்கு மேல வைச்சா பிழை காட்டும், சீமெந்து நிலத்தில வையுங்கோ. தனி நாள் இலக்கத்தை நம்பாமல் ஒரு கிழமைச் சராசரியை முந்தின கிழமைச் சராசரியோட பாருங்கோ. பொம்பிளையளுக்கு மாதவிடாய்க்கு முதல் நாட்களில தண்ணி தேங்கி நிறை கூடுறது சாதாரணம், அதால போன கிழமையோட இல்லை, போன மாசம் அதே நாட்களோட ஒப்பிட வேணும். இது தெரியாமல் என்ட அக்கா மாசத்துக்கு ஒருக்கா டயட்டை விட்டவ.

தையல்காரர் வைச்சிருக்கிற நாடா ஒண்டும் வாங்கி வையுங்கோ, இடுப்புச் சுற்றளவு தராசை விட நேர்மையானது. எங்கட தெற்காசிய உடம்புக்கு ஆம்பிளையளுக்கு 90 சென்ரிமீற்றர், பொம்பிளையளுக்கு 80 க்கு மேல போனா கவனம் எண்டுதான் சொல்லுறது. பிஎம்ஐயும் (உயரத்துக்கு ஏத்த நிறையோ எண்டு பாக்கிற கணக்கு) அப்பிடித்தான், வெள்ளைக்காரருக்கு 25 இல தொடங்குற எச்சரிக்கை ஆசிய ஆக்களுக்கு 23 இலயே தொடங்கும் எண்டு உலக சுகாதார நிறுவனம் 2004 இல ஒரு அளவு குடுத்தது. நிறை அசையாட்டியும் இடுப்பு ஒரு சென்ரிமீற்றர் குறைஞ்சா அது சறுக்கலே இல்லை.

படி 3: "சரி, இண்டைக்குப் போச்சு" எண்ட கதையைப் பிடியுங்கோ

இதில கொஞ்சம் நிண்டு கதைக்க வேணும், ஏனெண்டா நிறையப் பேர் கவிழுற இடம் இதுதான்.

காலமை பத்து மணிக்கு ஒபிஸில ஆரோ பிறந்தநாள் எண்டு ரோல்ஸும் கேக் துண்டும் நீட்டுவினம். திண்டாச்சு. உடன மனசு சொல்லும், "சரி, இண்டைக்குக் கெட்டுது, இனி நாளைக்குப் பாப்பம்". பிறகு மத்தியானம் கட்டிச் சோறு ரெண்டு தரம், பின்னேரம் மீன் பணிஸ், இரவு கொத்து. ரோல்ஸ் ஒண்டு செய்த கேடு சின்னது, அதுக்குப் பிறகு வந்த ஊர்வலம்தான் பெரிசு.

இது எங்கட குணக்கேடு இல்லை, ஆராய்ச்சியில பிடிபட்ட விசயம். 1975 இல ஹேர்மன், மாக் எண்ட ரெண்டு பேர் ஒரு சோதனை செய்தவை. ஆக்களுக்கு முதல்ல மில்க் ஷேக் குடுத்து, பிறகு ஐஸ்கிறீமை விரும்பின அளவு சாப்பிட விட்டினம். சாப்பாட்டில கட்டுப்பாடு இல்லாதவை மில்க் ஷேக் குடிச்ச பிறகு ஐஸ்கிறீமை குறைச்சு சாப்பிட்டினம், வயிறு நிரம்பிட்டுதுதானே. டயட்டில இருக்கிறவை மறுவளமா மில்க் ஷேக் குடிச்ச பிறகு கூடச் சாப்பிட்டினம். கட்டு உடைஞ்சுது, இனி என்ன எண்ட மனநிலை.

2007 இல அடம்ஸ், லியரி எண்டவை இன்னொண்டு செய்தவை. டயட்டில இருக்கிற பொம்பிளையளுக்கு டோனட் குடுத்து, ஒரு பகுதிக்கு மட்டும் "இது எல்லாரும் சாப்பிடுறதுதான், உங்களை நீங்களே ஏசாதேங்கோ" எண்ட மாதிரி ஆறுதலா ரெண்டு வார்த்தை சொன்னவை. ஆறுதல் கேட்டவை பிறகு வைச்ச இனிப்பை மற்றவையை விடக் குறைச்சுத்தான் எடுத்தினம். தன்னைத்தானே ஏசினா திருந்துவம் எண்டுதானே நாங்க வளந்தது, பள்ளிக்கூடத்திலயும் அப்பிடித்தான். சாப்பாட்டு விசயத்தில அது மறுபக்கம் வேலை செய்யுது.

நான் செய்யிறது என்னெண்டா நாள்க் கணக்கை விட்டிட்டு சாப்பாட்டுக் கணக்கு வைக்கிறன். ஒரு கிழமையில மூண்டு நேரம் பாத்தா 21 சாப்பாடு. ரோல்ஸும் கேக்கும் ஒண்டு. மிச்சம் 20 இருக்கு. கிண்ணியாவில கூட்டாளியிட தங்கச்சி கலியாணத்தில சஹன் எண்ட பெரிய தட்டைச் சுத்தி ஆறு பேர் இருந்து சாப்பிடேக்க யார் எவ்வளவு எண்டு கணக்கு பாக்கவே ஏலாது, பாக்கவும் கூடாது, அது சந்தோசத்துக்கான சாப்பாடு. அதையும் ஒண்டு எண்டு எழுதிட்டு இரவைக்கு வழமையானதை சாப்பிட்டன், பசி இல்லாததால கொஞ்சமா. பசி இல்லாமல் கொஞ்சமா சாப்பிடுறது வேற, தண்டனைக்கு சாப்பிடாமல் விடுறது வேற.

படி 4: பின்னுக்கு நடந்து பாருங்கோ

ரெண்டு நாள் கழிச்சு, மனசு ஆறின பிறகு, ஒரு கொப்பியில எழுதுங்கோ. என்ன சாப்பிட்டன் எண்டு இல்லை, அதுக்கு முதல் என்ன நடந்தது எண்டு. எனக்கு ஒரு வியாழக்கிழமை வந்தது இப்பிடி: இரவு எட்டரைக்கு கொத்து, அதுக்கு முதல் பயங்கரப் பசி, ஏனெண்டா மத்தியானச் சாப்பாடு மூண்டரைக்கு, அதுவும் பாண் ரெண்டு துண்டு, ஏனெண்டா காலமை சாப்பாடு கட்டாமல் போனது, ஏனெண்டா முதல் நாள் இரவு போன் பாத்து ஒரு மணிக்கு படுத்தது. அப்ப பிழை கொத்துக் கடையிலயோ என்ட மன உறுதியிலயோ இல்லை, முதல் நாள் இரவிலதான். நித்திரை குறைஞ்சா பசி கூடும், இனிப்பும் எண்ணெயும் தேடும், இது கனபேருக்கு நடக்கிறதுதான்.

காரணம் பிடிபட்டா "இப்பிடி நடந்தா இப்பிடிச் செய்வன்" எண்டு ஒரு வரி எழுதி வையுங்கோ. பீற்றர் கொல்விற்சர் எண்ட உளவியலாளர் சொல்லுற முறை இது, "இனிக் கவனமா இருப்பன்" எண்டுறதை விட இது மெய்யா வேலை செய்யும். என்ட கொப்பியில இருக்கிற சிலது:

வேலை ஆறு மணிக்கு மேல இழுபட்டா, பையில இருக்கிற அவிச்ச கடலையை ஆறு மணிக்கே சாப்பிடுவன்.

டச் பே கடற்கரைக்கு நடக்கப் போனா, காசு கொண்டு போக மாட்டன். (நடந்து முடிய இறால் வடை வண்டில் நிக்கிற இடத்திலதான் வந்து நிக்கும் கால், அதுக்கு நான் என்ன செய்ய. சனிக்கிழமை மட்டும் காசு கொண்டு போறது.)

ஆற்றையும் வீட்டில தேத்தண்ணி தந்தா, ஊத்த முதலே "சீனி அரைக் கரண்டி" எண்டு சொல்லுவன். ஊத்தின பிறகு சொன்னா கதை முடிஞ்சுது.

பிறகு சொந்தக்காரர். இதுக்கு எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், அனுபவம் காணும். நிறை கூடினா "என்ன உப்பிட்டாய்" எண்டுவினம். குறைஞ்சா இன்னும் மோசம், "என்ன பிள்ளை இப்பிடி வாடிப் போனாய், சீனி வருத்தமோ?" எண்டு ஒரு கேள்வி, சொல்லிக் கொண்டே இன்னொரு அகப்பை சோறு. பெரியம்மா மூண்டாவது தரம் கேட்டவ. நான் சொன்னன், "இல்லைப் பெரியம்மா, அது வராமல் இருக்கத்தான்". பெரியப்பாவுக்கு சீனி வருத்தத்தில கால் விரல் எடுத்தது, அதால மனிசி ஒண்டும் பேசேல்ல, அகப்பையை திருப்பி சட்டிக்குள்ள வைச்சிட்டா. எல்லாருக்கும் இந்தப் பதில் பொருந்தாது. ஆனா ஒரு பதிலை முன்கூட்டியே யோசிச்சு வைச்சிருந்தால் அந்த இடத்தில தடுமாறாமல் தப்பலாம். கோப்பையில முதலே மீனும் மரக்கறியும் நிரப்பிட்டாலும் அகப்பைக்கு இடம் குறைவு, இது அம்மா சொல்லித் தந்தது.

படி 5: எல்லாம் ஒழுங்கு, ஆனா நிறை அசையேல்ல

மூண்டு கிழமைச் சராசரி ஒரே இடத்தில நிண்டாத்தான் இதை நிண்டிட்டுது எண்டு சொல்லலாம், நாலு நாள் நிண்டதுக்கு பயப்பட வேண்டாம். நிக்கிறதுக்கு காரணம் ரெண்டு மூண்டு சேந்து வரும். சின்ன உடம்புக்கு குறைஞ்ச எரிபொருள் காணும், 92 கிலோவில குறைச்ச சாப்பாடு 84 கிலோவுக்கு சமன் சாப்பாடா மாறிடும். அதோட உடம்பு பசியைக் கூட்டி தன்னை காப்பாத்தப் பாக்கும். மெல்பேர்னில செய்து 2011 இல வெளியிட்ட ஒரு ஆய்வில, நிறை குறைச்ச ஆக்களிட பசி ஹோர்மோன்கள் ஒரு வருசம் கழிச்சும் பழைய நிலைக்கு திரும்பேல்ல எண்டு கண்டவை. இன்னும் பழைய கதை 1944–45 மினசோட்டா பரிசோதனை, அன்செல் கீஸ் எண்டவர் 36 ஆரோக்கியமான இளம் ஆம்பிளையளை 24 கிழமை அரைப் பட்டினி போட்டவர். அவங்கள் நாள் முழுக்க சாப்பாட்டைத்தான் நினைச்சவங்கள், சிலபேர் சமையல் புத்தகம் சேக்கவே தொடங்கிட்டாங்கள், பட்டினி முடிஞ்ச பிறகு நிறுத்த ஏலாமல் திண்டவங்கள். நல்ல திடகாத்திரமான பெடியங்களுக்கே அப்பிடி எண்டா ரெண்டு நாள் வெள்ளரிக்காய் திண்ட எனக்கு கொத்துச் சத்தம் கேட்டதில என்ன அதிசயம்.

மூண்டாவது காரணம் சத்தமில்லாதது, அளவு கைநழுவுறது. ஒரு கிழமைக்கு சோத்தை கோப்பையால அளந்து போடுங்கோ, கண்ணால இல்லை. எண்ணெயை போத்தலால ஊத்தாமல் கரண்டியால ஊத்துங்கோ, ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட 120 கலோரி. தேத்தண்ணியை எண்ணுங்கோ. ஒரு தேக்கரண்டி சீனி 4 கிராம், மூண்டு கரண்டிப்படி நாலு தேத்தண்ணி எண்டா 48 கிராம், ஏறக்குறைய 190 கலோரி. மாசத்துக்கு 5,700 சொச்சம், கணக்குப்படி முக்கால் கிலோ கொழுப்புக்கு சமன். அதுவும் நாங்க போடுறது தட்டையான கரண்டியோ, குமிச்செல்லோ போடுறது.

இதில ஒண்டை மட்டும் மாத்துங்கோ, மூண்டையும் ஒரே நாளில இல்லை. நான் சீனியை மூண்டில இருந்து ரெண்டு, ரெண்டில இருந்து ஒண்டு எண்டு ரெண்டு மாசத்தில இறக்கினன், இப்ப மூண்டு போட்ட தேத்தண்ணி பாணி மாதிரி இருக்கு. இன்னொரு வழியும் இருக்கு: ஒரு மாசத்துக்கு குறைக்கிற யோசனையையே விட்டிட்டு இருக்கிற நிறையை கூடாமல் வைச்சிருக்கிறது. கேக்க தோல்வி மாதிரித்தான் இருக்கும். ஆனா குறைச்சதை பிடிச்சு வைச்சிருக்கிறதுதான் பின்னால வாழ்நாள் முழுக்க செய்யப் போற வேலை, அதை இடையில ஒருக்கா பழகிப் பாக்கிறது நல்லதுதானே. 92 கிலோக்காரர் 5 கிலோ குறைச்சு அப்பிடியே நிண்டாலும் பிரசருக்கும் சீனிக்கும் பலன் தெரியும், அது 5 வீதத்துக்கு மேல.

படி 6: மாசக்கணக்கா விட்டுப் போனா

எங்கட ஊரில இதுக்கு காலநிலையே காணும். கார்த்திகை மார்கழியில மழை, கடல் கொந்தளிப்பு, றோட்டெல்லாம் வெள்ளம். வைகாசிக்குப் பிறகு கச்சான் காத்து, பத்து மணிக்கு மேல வெளியில தலை காட்ட ஏலாத வெக்கை. உப்புவெளியில கடல் குளிக்க நல்ல காலம் எண்டா அந்த வைகாசி தொடங்கி புரட்டாதி வரைதான், அப்பவும் காலமையும் பின்னேரமும். இடையில காய்ச்சல், முழங்கால் நோ, பிள்ளையிட சோதனை. விடுபடாமல் ஆரும் இல்லை.

லண்டனில பிலிப்பா லாலி எண்டவ 2010 இல வெளியிட்ட ஆய்வில, ஒரு பழக்கம் ஊற நடுவளவா 66 நாள் எடுத்தது, ஆளுக்கு ஆள் 18 இல இருந்து 254 நாள் வரை வித்தியாசம். அதில எனக்கு பிடிச்சது வேற, இடையில ஒரு நாள் விட்டுப் போனது பழக்கம் ஊறுறதை பெரிசாப் பாதிக்கேல்ல எண்டதுதான்.

திரும்பத் தொடங்கேக்க விட்ட இடத்தில தொடங்காதேங்கோ, பாதியில தொடங்குங்கோ. நான் முந்தி பிரட்றிக் கோட்டை வாசலில இருந்து கோணேசர் கோயில் வரைக்கும் ஏறி இறங்கி அதை ரெண்டு தரம் நடக்கிறனான், காலமை வெள்ளன போனா மான்களும் நானும்தான். மூண்டு மாசம் விட்டிட்டு திரும்பப் போன முதல் நாளே ரெண்டு தரம் நடந்து, அடுத்த நாள் கெண்டைக்கால் பிடிச்சு, அதோட இன்னும் மூண்டு கிழமை விட்டாச்சு. இப்ப அரைவாசி தூரம், அதுவும் மூச்சு வாங்காமல் கதைச்சுக் கொண்டு போற வேகம். மழை நாளைக்கு எண்டு ஒரு குறைஞ்ச பட்ச அளவும் வையுங்கோ. எனக்கு அது விறாந்தையில பத்து நிமிச நடை, பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ எனக்கு தட்டிட்டுது எண்டு பாப்பினம், பாத்திட்டுப் போகட்டும்.

விரதக்காரருக்கு ஒரு சொல். கந்தசட்டி ஆறு நாளும் பிடிக்கிறது பக்தி, அதை டயட்டா மாத்தினா பாறணைக்குப் பிறகு வாற சாப்பாடு எல்லாத்தையும் திருப்பித் தரும். சீனி வருத்தத்துக்கு குளிசையோ ஊசியோ எடுக்கிறவை டொக்டரிட்ட கேக்காமல் பட்டினி கிடக்கவே கூடாது, சீனி கீழ விழுந்தா ஆபத்து.

படி 7: இது சறுக்கலே இல்லாமல் இருக்கலாம்

சாப்பாடும் நடையும் ஒழுங்கா இருந்தும் நிறை கூடிக் கொண்டே போனா டொக்டரைப் பாருங்கோ. தைரொயிட் குறைபாடு, பொம்பிளையளுக்கு பிசிஓஎஸ் (சூலகமும் ஹோர்மோனும் சம்பந்தப்பட்ட ஒரு வருத்தம்), ஸ்டீரொயிட் குளிசை, இன்சுலின், சில மனநல மருந்துகள், இதெல்லாம் நிறையை கூட்டும். அதுக்காக மருந்தை தானா நிப்பாட்ட வேண்டாம், மாத்த ஏலுமோ எண்டு கேளுங்கோ. ரெண்டு மூண்டு நாளில நிறை கெதியா ஏறி, கால் வீங்கி, மூச்சும் முட்டினா அது பலகாரத்து தண்ணி இல்லை, இதயமோ சிறுநீரகமோ சம்பந்தப்பட்டிருக்கலாம், உடன ஆஸ்பத்திரி. முயற்சி இல்லாமல் தானா மெலிஞ்சாலும் பாக்க வேணும், அப்ப பெரியம்மாவிட கேள்வி சரியான கேள்வி.

நிறுத்த ஏலாமல் ஒளிச்சு ஒளிச்சு சாப்பிடுறது, பிறகு சத்தி எடுக்கிறது, நாள்க்கணக்கா பட்டினி கிடக்கிறது அடிக்கடி நடந்தா அது ஒரு வருத்தம், மருந்தும் கதைச்சுச் செய்யிற சிகிச்சையும் இருக்கு. வெக்கப்படாதேங்கோ, 1926 எண்ட இலங்கையிட தேசிய மனநல உதவி தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து தமிழில கதைக்கலாமோ எண்டு கேளுங்கோ. பத்து நாளில பத்துக் கிலோ எண்டு விக்கிற தூளும் தேயிலையும் வாங்க முதல் உள்ள என்ன கிடக்கு எண்டு போட்டிருக்கோ பாருங்கோ. நான் ஒண்டு வாங்கி ஒரு கிழமை கக்கூசிலயே இருந்தனான், இறங்கினது தண்ணியும் காசும்.

இந்த வருசமும் சித்திரை வந்தது, மூதூருக்கும் போனன், மாமி வழமை போல. கொப்பியில கிடக்கிறதை அப்பிடியே போடுறன். வருசத்துக்கு முதல் நாள் 81.3. மூதூரில இருந்து வந்த அடுத்த நாள் காலமை இடியப்பம் அஞ்சு, சொதி, முட்டை ஒண்டு. தராசு கட்டிலுக்கு கீழ. மத்தியானம் சோறு ஒரு கோப்பை, சூடைக் குழம்பு, வல்லாரைச் சம்பல். பின்னேரம் அரைவாசி நடை. அஞ்சு நாள் இப்பிடி. ஆறாம் நாள் காலமை 81.7.